கேபினட் பேசின் மாட்டிய பிறகு வரும் ஒழுகல், அடைப்பு, நாற்றம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருநெல்வேலியில் டவுன், பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும் இப்போது ஒரே கதைதான். பழைய சுவர்ப் பேசினைக் கழற்றிவிட்டு, கீழே அலமாரி வைத்த புதுப் பேசின் மாட்டியிருப்பார்கள். கடையில் அதை வேனிட்டி என்பார்கள், வீட்டில் கேபினட் பேசின். மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "அண்ணாச்சி, அலமாரிக்குள்ள தண்ணி குளமா நிக்கு, கொஞ்சம் வந்து பாருங்க" என்று போன் வரும்.

பழைய பேசினில் நெளி பைப் ஒன்றைச் செருகினால் எப்படியாவது வளைந்து போய் ஓட்டையில் சேர்ந்துவிடும். அலமாரி வந்த பிறகு அப்படி முடியாது. பின்பலகை, தட்டு, இழுப்பறை எல்லாம் குறுக்கே நிற்கும். சுவரில் கழிவு ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதற்கு ஏற்றபடிதான் மேலே உள்ளது அத்தனையும் அமைய வேண்டும். அந்த உயரத்தை அளக்காமல் அலமாரி வாங்கியதால் வந்த வினைதான் நான் பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை. ஒழுகல், அடைப்பு, நாற்றம் என்று வெளியே தெரிவது மூன்று விதமாக இருந்தாலும் வேர் பல நேரம் ஒன்றாகவே இருக்கிறது.

பாகங்களின் பெயர் தெரிந்தால் கீழே படிக்க எளிது. பேசின் ஓட்டையில் இறங்கி நிற்பது வேஸ்ட் கப்ளிங். அதை அடியில் இறுக்கிப் பிடிப்பது ரப்பர் வாஷரும் செக் நட்டும். அதற்குக் கீழே தொங்குவது பாட்டில் டிராப். சாக்கடை நாற்றம் ஏறாதபடி அதன் அடிக்கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும். டிராப்பின் பக்கக் குழாய் சுவருக்குள் இருக்கும் பி.வி.சி. பைப்பில் நுழைகிறது. நுழையும் இடத்தை மூடி நிற்கும் வட்டத் தட்டுக்கு ஃபிளாஞ்ச் என்று பெயர். பேசின் பக்கம் 32 மி.மீ., அதாவது ஒன்றேகால் இஞ்சு. சுவர் பைப் பெரும்பாலும் 40 அல்லது 50 மி.மீ. இந்த அளவு வித்தியாசத்தை மனதில் வையுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

ஒரு டார்ச், ஒரு வாளி, பழைய செய்தித்தாள், டிஷ்யூ பேப்பர், டெஃப்லான் டேப் இருந்தால் போதும். பைப் ரிஞ்சை எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் நட்டுக்குக் கை பலமே போதும்.

## அறிகுறி 1: அலமாரிக்குள் ஈரம்

தண்ணீர் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. மேலே கப்ளிங்கில் கசியும் நீர் டிராப்பின் வெளிப்பக்கமாக வழிந்து, அடியில் இருக்கும் கிண்ணத்தில் வந்துதான் சொட்டாக விழும். பார்த்தவர்கள் எல்லாரும் அந்தக் கிண்ணத்தைப் பிடித்து முறுக்குவார்கள். மரை தேய்ந்து, ஒழுகாத இடமும் ஒழுக ஆரம்பிக்கும்.

அதனால் முதலில் எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். அலமாரித் தரையில் செய்தித்தாள் விரியுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டையும் மேலிருந்து கீழாக டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். பேப்பர் முதலில் எந்த இடத்தில் நனைகிறதோ அதுதான் கோளாறு. அதற்குக் கீழே உள்ள ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

### யாரும் குழாயைத் திறக்காதபோதே நனைகிறதா?

இரவு படுக்கப் போகும்போது பேப்பர் விரித்துவிட்டுக் காலையில் பாருங்கள். நனைந்திருந்தால் பெரும்பாலும் கழிவுப் பக்கத்தில் தப்பில்லை, தண்ணீர் வரும் பக்கத்தில்தான் தப்பு. சுவரிலிருந்து தண்ணீர் தரும் ஆங்கிள் வால்வையும் பேசின் குழாயையும் இணைக்கும் கனெக்ஷன் பைப்பின் உள்ளே இருக்கும் வாஷர் விலகியிருக்கும், அல்லது பழையதையே திரும்ப மாட்டியிருப்பார்கள். வாஷரை மாற்றி, கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். கனெக்ஷன் பைப்பின் கம்பி உறை துருப்பிடித்திருந்தால் பைப்பையே மாற்றிவிடுங்கள். அது வெடித்தால் மேல்தொட்டி காலியாகும் வரை நிற்காது.

ஆங்கிள் வால்வு சுவரில் நுழையும் இடத்தில் கசிந்தால் அதை நீங்கள் திருக வேண்டாம். சுவருக்குள் இருக்கும் எல்போ என்ற வளைவு மூட்டு விரிந்துவிட்டால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும். அங்கே பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

### பேசினை அடைத்துத் தண்ணீர் தேக்கும்போதே சொட்டுகிறதா?

அப்படியென்றால் வேஸ்ட் கப்ளிங். சின்னக் காரணத்திலிருந்து தொடங்குவோம். அடி வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கலாம். நட்டை முழுக்கத் தளர்த்தி, வாஷரை நேராக்கி, பேசினின் அடிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்து மறுபடி மாட்டுங்கள். பீங்கானின் அடி பெரும்பாலும் வழவழப்பாக இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் வாஷர் அங்கே பிடிக்காது. ஹார்டுவேர் கடையில் தடிமனான ரப்பர் வாஷராகக் கேட்டு வாங்குங்கள், சின்னச் செலவில் வேலை முடியும்.

வாஷர் சரியாக இருந்தும் சொட்டினால், நீர் மரை வழியாக இறங்குகிறது. கப்ளிங்கின் மரையில் நட்டு நிற்கும் இடத்தில் டெஃப்லான் டேப்பை எட்டுப் பத்து சுற்று சுற்றி, பிறகு நட்டை ஏற்றுங்கள். டேப் சுற்றும் திசை நட்டு ஏறும் திசையாகவே இருக்க வேண்டும், மாற்றிச் சுற்றினால் உரிந்து வரும்.

அப்படியும் நிற்கவில்லையென்றால் கப்ளிங்கைக் கழற்றிப் பக்கவாட்டில் பாருங்கள். சிலவற்றில் பக்கத்தில் துளை இருக்கும், சிலவற்றில் இருக்காது. பேசின் விளிம்புக்குக் கீழே வழிநீர் ஓட்டை இருந்தால் துளையுள்ள கப்ளிங் வேண்டும். மேடைமேல் வைக்கும் கிண்ணப் பேசின்கள் பலவற்றில் வழிநீர் ஓட்டை கிடையாது. அதற்குத் துளையில்லாதது வேண்டும். அதில் துளையுள்ளதைப் போட்டால் நீர் பீங்கானுக்கும் கப்ளிங்குக்கும் நடுவில் புகுந்து அடி வாஷரை நனைத்துக்கொண்டே இருக்கும். மாறிப் போட்டதை இரண்டு வருடம் எம்சீல் பூசிப் பூசிச் சமாளித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சரியான கப்ளிங் போட்ட அன்றே ஒழுகல் நின்றது.

கடைசிக் காரணம் பீங்கானில் கீறல். ஓட்டையைச் சுற்றி முடியளவு கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரிஞ்சு போட்டு அளவுக்கு மீறி இறுக்கினால் இது வரும். கீறல் விழுந்த பேசினை ஒட்டிப் பயன்படுத்தாதீர்கள். ஒருநாள் கனத்தோடு பிளந்தால் கையைக் கிழிக்கும்.

### பேசின் மூடியைத் திறந்துவிட்டதும்தான் சொட்டுகிறதா?

டிராப்பின் மூட்டுகள். கூம்பு வாஷரின் ஒடுங்கிய பக்கம் டிராப்பின் உடலைப் பார்க்க வேண்டும், தட்டைப் பக்கம் நட்டைப் பார்க்க வேண்டும். அவசரத்தில் பத்தில் இரண்டு மூன்று தடவை தலைகீழாகத்தான் போடுகிறார்கள். அடுத்து, ஆக்சா பிளேடில் சாய்வாக அறுத்த பைப். நேராக அறுத்து, பிசிரை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பைப் டிராப்புக்குள் குறைந்தது ஒரு இஞ்சு இறங்கியிருக்க வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒழுகினால் நட்டைத் தளர்த்தி டிராப்பைச் சும்மா தொங்கவிட்டுப் பாருங்கள். பக்கக் குழாய் தானாகச் சுவர் ஓட்டைக்கு நேராக நிற்கிறதா? நீங்கள் இழுத்தோ தள்ளியோ பிடித்தால்தான் சேருகிறது என்றால் எந்த வாஷரும் நிலைக்காது. இழுத்துக் கட்டிய மூட்டு என்றைக்கானாலும் ஒழுகும். நேராக அறிகுறி 3-க்குப் போங்கள்.

### சுவரோரம் மட்டும் ஈரமா?

இதுதான் செலவு வைக்கிற இடம். 32 மி.மீ. குழாய் 50 மி.மீ. பைப்புக்குள் தளர்வாக நிற்கும். இடைவெளியில் துணியைத் திணித்து மேலே வெள்ளை சிமெண்ட் பூசியிருப்பார்கள். தண்ணீர் வேகமாகப் போகும்போது ஒரு பங்கு பின்னால் திரும்பிச் சுவருக்குள் இறங்கும். மகராஜநகரில் ஒரு வீட்டில் சுவருக்கு மறுபக்கம் படுக்கையறை. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக வந்திருந்தது. மழைநீர்க் கசிவு என்று நினைத்து மூன்று தடவை பெயின்ட் அடித்துவிட்டார்கள். ஃபிளாஞ்சை நகர்த்திப் பார்த்தால் உள்ளே கந்தல் துணி மக்கிக் கிடக்கிறது.

தீர்வு ரப்பர் ரெடியூசர். வெளிவட்டம் சுவர் பைப்புக்கு, உள்வட்டம் டிராப் குழாய்க்கு. சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால் உட்காரும். சுவர் பைப்பே வெடித்திருந்தாலோ, டைல்ஸுக்குள் பின்தள்ளி அறுபட்டிருந்தாலோ பிளம்பர் வந்து சுவரைக் கொத்தித்தான் ஆக வேண்டும்.

### முகம் கழுவிய பிறகு மட்டும், பின்பலகையில் ஈரமா?

பேசினுக்கும் சுவருக்கும் நடுவில் சிலிக்கான் இல்லை, அல்லது விட்டுப்போயிருக்கிறது. பழையதைச் சுரண்டி, காய வைத்து, புதிதாகப் போட்டு, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் விடுங்கள். பிளைவுட் அலமாரியாக இருந்தால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நம் ஊரில் ஈரமான பலகைக்குக் கரையான் வரச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை.

## அறிகுறி 2: தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது

நம் பக்கம் பேசின் முகம் கழுவ மட்டும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவதும் அதில்தான். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போகும். அதோடு தலைமுடி சேர்ந்தால் கயிறு மாதிரி ஆகிவிடும்.

அழுத்தித் திறக்கும் கிளிக் மூடி வகையாக இருந்தால் முதலில் அந்த மூடியைத் திருகிக் கழற்றிவிட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சர்ரென்று போனால் மூடி போதிய உயரம் எழும்பவில்லை, அல்லது அதன் தண்டில் முடி சுற்றியிருக்கிறது.

போகவில்லையா? வாளியை அடியில் வைத்து டிராப்பின் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். கழுவும்போது உள்ளிருக்கும் ரப்பர் வளையம் கிண்ணத்தோடு கொட்டிப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிண்ணம் சுத்தமாக இருந்தும் தேங்குகிறதென்றால் டிராப்பை முழுதாக விலக்கி, சுவர் பைப்பில் நேரடியாக ஒரு செம்பு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். தடையில்லாமல் போனால் கோளாறு உங்கள் புது வேலையில்தான் இருக்கிறது. நெளி பைப் போட்டிருந்தால் அது நடுவில் தொட்டில் மாதிரித் தொங்குகிறதா பாருங்கள், அந்தப் பள்ளத்தில் கசடு நிற்கும். டிராப் குழாய் சுவரைப் பார்த்து மேல்நோக்கி ஏறுகிறதா? ஒரு அடி நீளத்துக்குக் கால் இஞ்சு இறக்கம் வேண்டும். சமமாக இருந்தாலே சோப்பும் எண்ணெயும் படிய ஆரம்பிக்கும். ஏற்றமாக இருந்தால் அறிகுறி 3.

செம்புத் தண்ணீரே திரும்பி வழிந்தால் அடைப்பு சுவருக்குள். பிளம்பர் ஸ்பிரிங் விட்டு எடுப்பார். பழைய வீடுகளில் இரும்பு பைப் இருந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து துவாரம் விரல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்த் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே ஸ்பிரிங் விட்டாலும் சில மாதம்தான் தாங்கும், பைப்பை மாற்றுவதே சரி.

தயவுசெய்து ஆசிட் ஊற்றாதீர்கள். கப்ளிங்கின் குரோம் பூச்சு உரியும் என்பதைக்கூட விடுங்கள். ஊற்றியதைச் சொல்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டால், டிராப்பைத் திறக்கும்போது அது அவர் முகத்தில் தெறிக்கும். ஏற்கனவே ஊற்றியிருந்தால் அவர் கைவைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

## அறிகுறி 3: டிராப்பும் சுவர் ஓட்டையும் சேரவில்லை, அல்லது இழுப்பறை மூடவில்லை

அலமாரி இன்னும் வாங்காதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது படியுங்கள். தரையிலிருந்து சுவர் ஓட்டையின் நடுப்புள்ளி வரை அளந்து எழுதுங்கள். கடையில் இருக்கும் பேசினில், கப்ளிங் மாட்டினால் அதன் அடிநுனி தரையிலிருந்து எத்தனை இஞ்சில் நிற்கும் என்று அளந்து கேளுங்கள். சுவர் ஓட்டை அந்த நுனியைவிட 2 முதல் 4 இஞ்சு தாழ்வாக இருந்தால் சாதாரணப் பாட்டில் டிராப் பிரச்சினையில்லாமல் உட்காரும். இடவலமாக ஓட்டை எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே மாட்டியாகிவிட்டதென்றால், அளவைப் பொறுத்து வழி பிரியும்.

### ஓட்டை மிகத் தாழ்வாக இருக்கிறது

இது எளிது. கப்ளிங்குக்கும் டிராப்புக்கும் நடுவில் நீட்டிப்புத் துண்டு போட்டு டிராப்பைக் கீழே இறக்குங்கள். டிராப்பை மேலேயே வைத்துவிட்டு அதன் வெளிக்குழாயை எல்போ போட்டுச் செங்குத்தாகக் கீழே இறக்குவதுதான் பலரும் செய்வது. அப்படிச் செய்தால் இறங்கும் நீர் டிராப்பில் நிற்க வேண்டிய நீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். பிறகு நாற்றம் வரும்.

பழைய வீடுகளில் கழிவு சுவருக்குப் போகாமல் தரையில் உள்ள நஹானி டிராப்புக்கே போகும். பைப்பின் நுனி அந்த டிராப்பின் நீருக்கு மேலே, காற்று படும்படி நின்றால் நல்லது. நீருக்குள் மூழ்கி நின்றால் மேலே ஒரு டிராப், கீழே ஒரு டிராப், நடுவில் காற்று சிக்கிக்கொண்டு நீர் இறங்காது. நுனியைக் கொஞ்சம் அறுத்து உயர்த்துங்கள்.

### ஓட்டை பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது

பாட்டில் டிராப்பின் உடலைத் திருப்பினால் ஓரளவு சேரும். போதவில்லையென்றால், வளைந்த குழாயாக, மூட்டில் சுழலும் பி-டிராப் வாங்குங்கள். அலமாரிக்குள் பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இழுத்துக் கட்ட வேண்டியிருக்காது. பாட்டில் டிராப்பைவிட அடைப்பும் குறைவு. என் வீட்டில் நான் போட்டிருப்பது அதுதான்.

### ஓட்டை கப்ளிங் நுனிக்குச் சமமாக, அல்லது அதற்கு மேலே இருக்கிறது

இங்கே குறுக்குவழி கிடையாது. நெளி பைப்பை மேலே வளைத்துச் செருகினால் தண்ணீர் போவது மாதிரித் தெரியும், பேசின் பாதி நிறைந்த பிறகு. உயரம் ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சுதான் குறைகிறதென்றால் அலமாரியின் அடியில் கிரானைட் துண்டோ கால்களோ கொடுத்து எல்லாவற்றையும் உயர்த்தலாம். வீட்டில் குழந்தைகளும் வயதானவர்களும் இருந்தால் விளிம்பு எவ்வளவு உயரம் வரும் என்று முதலில் நின்று பாருங்கள். அதற்கு மேல் குறைந்தால் சுவரைக் கொத்தி ஓட்டையைத் தாழ்த்த வேண்டும். பிளம்பர், டைல்ஸ் போடுபவர் இருவரும் தேவை. ஒரு நாள் வேலை, அலமாரியைக் கழற்றித்தான் செய்ய முடியும்.

### டிராப் சரியாக உட்கார்ந்துவிட்டது, இழுப்பறைதான் இடிக்கிறது

டிராப்பை ஒதுக்காதீர்கள், இழுப்பறையை அறுங்கள். அதன் பின்பலகையில் டிராப் வந்து போகிற அளவுக்கு லாட வடிவில் வெட்டினால் போதும். பிளைவுட் என்றால் வெட்டிய விளிம்புக்கு இரண்டு கோட் பெயின்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பட்டு உப்பும்.

## அறிகுறி 4: நாற்றம்

சென்னை, மும்பை, வளைகுடா என்று போய்விட்டு, பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு ஊர் வருகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் டிராப் காய்ந்திருக்கும். டிராப்பில் இரண்டு இஞ்சு அளவாவது நீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று உள்ளே வராது. பூட்டிய வீட்டில் வெயில் காலத்தில் அது வற்றிவிடும். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். போய்விட்டால் வேறு வேலை இல்லை. ஊர் திரும்பும்போது டிராப்பில் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுப் போனால் மேலே படர்ந்து நீர் வற்றுவது குறையும்.

ஆள் இருக்கும் வீட்டிலும் வருகிறதா? வழிநீர் ஓட்டைக்குள் மெல்லிய பாட்டில் பிரஷ் விட்டுத் தேயுங்கள். கறுப்பு வழுவழுப்பு வந்தால் நாற்றம் அங்கிருந்துதான்.

அதுவும் இல்லையென்றால் டிராப் இருக்கிறதா என்றே பாருங்கள். இடம் போதாமல் டிராப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நெளி பைப்பை நேராகச் சுவர் பைப்பில் செருகிய அலமாரிகள் நிறைய உண்டு. அடுத்து ஃபிளாஞ்சுக்குப் பின்னால் இடைவெளி. மெல்லிய டிஷ்யூ கீற்றை அருகில் பிடியுங்கள், ஆடினால் காற்று வருகிறது, ரப்பர் ரெடியூசர் போட வேண்டும். ஊதுபத்தியோ தீக்குச்சியோ வைத்துச் சோதிக்க வேண்டாம். செப்டிக் டேங்க் வாயு தீப்பிடிக்கும்.

பேசின் நிறையத் தண்ணீரை ஒரேயடியாகத் திறந்துவிட்ட பிறகு மட்டும் நாற்றம் வந்து, மெல்லிய ஓட்டமாகக் கொஞ்சம் தண்ணீர் விட்டதும் நின்றால் டிராப்பின் நீர் உறிஞ்சப்படுகிறது. மேலே சொன்ன செங்குத்து எல்போவைத் தேடுங்கள்.

## அறிகுறி 5: குடகுடவென்று சத்தம்

பேசின் காலியாகும்போது கடைசியில் ஒரு முறை வந்தால் விட்டுவிடலாம். கழிவறையில் தண்ணீர் ஊற்றும்போது பேசினில் சத்தம் வந்தால் கழிவு பைப்புக்குக் காற்று விடும் வென்ட் பைப் அடைத்திருக்கிறது, அல்லது வைக்கவே இல்லை. மாடியில் பைப் வாயில் குருவிக் கூடு, காய்ந்த இலை இருக்கிறதா பாருங்கள்.

ஆனி, ஆடியில் மட்டும் சத்தமும் நாற்றமும் சேர்ந்து வரும் வீடுகள் தென்காசி, பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் இருக்கின்றன. கணவாய்க் காற்று வென்ட் வாயின் மேலே அடிக்கும்போது டிராப் நீர் ஏறி இறங்கிக் குறைகிறது. வென்ட் வாய்க்குத் தொப்பி போட்டு, கைப்பிடிச் சுவரின் மறைவுச் சுழலில் இல்லாமல் அதற்கு மேலே உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகும். கூரை விளிம்பில் ஏறிச் செய்யும் வேலை, காற்றுக் காலத்தில் நீங்கள் ஏறாதீர்கள்.

## அறிகுறி 6: கீழிருந்து மேலே ஏறி வருகிறது

குளியலறைத் தரை டிராப்பிலோ பேசினிலோ கறுப்பு நீர் தானாக ஏறினால் அலமாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லாக் குழாயையும் மூடுங்கள், அன்று துவைக்க வேண்டாம். வெளியே வீட்டுக் கழிவுநீர் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். அது நிறைந்திருந்தால் அடைப்பு அதற்கு அப்பால், காலியாக இருந்தால் வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஏறிய வண்ணார்பேட்டை, சிந்துபூந்துறை வீடுகளில் சேம்பருக்குள் வண்டல் இறுகிப் போயிருந்ததை அதற்குப் பிறகு பல மாதம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

சேம்பர் நிறைந்திருந்தால், பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடு மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்க் வீடு கழிவுநீர் லாரியைக் கூப்பிட வேண்டும். டேங்குக்குள் ஆள் இறங்கக் கூடாது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. "நான் இறங்கி எடுத்துருவேன்" என்று ஒருவர் தானாகச் சொன்னாலும் விடாதீர்கள். லாரி வரும் வரை பேசின் கப்ளிங்கை மூடி, தரை டிராப் மேல் ஈரத்துணி போட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வைத்துவிடுங்கள்.